தேம்ஸ் கரையில் ஓர் ஏற்றம்



தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடும் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். மழை பெய்தால் வாசலில் விழும் நீர் வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்கால் நீர் ஓடைக்குப் போகிறது. ஓடை நீர் ஆற்றுக்குப் போகிறது. அதற்கு யாரும் வழி சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே நீரை ஓர் அடி உயரம் மேலே ஏற்ற வேண்டுமென்றால் மனிதன் உழைக்க வேண்டும். மாடு உழைக்க வேண்டும். அல்லது இயந்திரம் உழைக்க வேண்டும். இலவசமாக மேலே ஏறும் நீர் உலகத்தில் இல்லை.

நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் ஒரு டீசல் இஞ்சினும் ஒரு பம்பும் இருந்தன. பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்திலேயே அந்த இஞ்சின் ஓட ஆரம்பித்துவிடும். ஆற்று நீர் குழாய் வழியாக மேட்டிலிருந்த பெரிய தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து தானாகவே இறங்கி முதலில் பங்களாவுக்கும், பிறகு கிராணிமார் வீடுகளுக்கும், அதன் பிறகு லயன்களுக்கும் போகும். எங்கள் வீடு கடைசி லயனில் இருந்தது. அது குழாயின் கோடி. இடமும் சற்று மேடு. தொட்டியில் நீர் குறைந்தால் முதலில் வறண்டுபோவது எங்கள் குழாயடிதான்.

ஒரு முறை அந்த இஞ்சின் பழுதாகிவிட்டது. சாமான் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தொட்டியில் மிஞ்சியிருந்த நீர் மேட்டு வீடுகளோடு நின்றுவிட்டது. நாங்கள் ஓடையில் நீர் மொண்டோம். அந்த ஓடையின் மேற்பக்கத்தில் என்னென்ன கலந்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அந்த வாரத்தில் கடைசி லயனில் பல பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. எங்கள் தங்கையும் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். மற்ற லயன்களில் அப்படி ஒன்றும் இல்லை. ஏன் எங்கள் லயனில் மட்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கேள்விக்கு விடை பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்தில், ஒரு வெளிநாட்டு நகரத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் எங்களுக்குக் கிடைத்தது.

அந்த நகரம் லண்டன். அது தன் கழிவுநீரை மேலே ஏற்றக் கற்றுக்கொண்ட வரலாற்றைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

நேயர்களே, நம் முன்னோர் தமிழ்நாட்டில் கிணற்றிலிருந்து நீர் இறைக்க ஏற்றம் வைத்திருந்தார்கள். ஒரு தூண், அதன் மேல் குறுக்கே ஒரு நீண்ட மரம். மரத்தின் ஒரு முனையில் கயிறும் சாலும் தொங்கும். ஒருவர் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார். அவர் நடக்க நடக்க மரம் தராசுபோல் ஏறி இறங்கும். சால் கிணற்றில் மூழ்கி நீரோடு மேலே வரும். இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இங்கிலாந்தில் 1712ஆம் ஆண்டில் தாமஸ் நியூகோமன் என்பவர் நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைக்க அமைத்த நீராவி இயந்திரமும் இதே அமைப்புத்தான். நடுவில் தாங்கப்பட்ட ஒரு பெரிய உத்தரம். அதன் ஒரு முனையில் பம்பின் தண்டு. மறு முனையில், ஏற்றத்தின் மேல் நடக்கும் மனிதனுக்குப் பதிலாக, நீராவியால் இயங்கும் உருளை. பின்னர் ஜேம்ஸ் வாட் அதைத் திருத்தி, குறைந்த நிலக்கரியில் அதிக வேலை செய்யும்படி ஆக்கினார். ஆக, நீராவி இஞ்சின் என்பது முதன்முதலில் ரயில் இழுக்கப் பிறந்ததன்று; நீர் இறைக்கப் பிறந்தது.

லண்டன் மக்கள் இந்த இயந்திரத்தை நல்ல நீருக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல தண்ணீர்க் கம்பெனிகள் நீராவிப் பம்புகளைக் கொண்டு வீடுகளுக்குக் குழாய் நீர் விற்றன. வீட்டுக்குள் நீர் வந்ததும், நீர் ஊற்றிக் கழுவும் கழிவறைகளும் வந்தன. அதுவரை அந்த நகரத்தின் மலம் வீட்டின் அடியிலிருந்த குழிகளில் தங்கியது. ஆட்கள் இரவில் வந்து அள்ளிச் சென்று வயல்களுக்கு எருவாக விற்றார்கள். இப்போதோ குழிகள் நீரால் நிரம்பி வழிந்தன. 1815ஆம் ஆண்டு முதல் வீட்டுக் கழிவை மழைநீர்ச் சாக்கடையோடு இணைக்க அனுமதி கிடைத்தது. 1840களின் இறுதியில் அப்படி இணைப்பது கட்டாயமே ஆயிற்று. சாக்கடைகள் எல்லாம் எங்கே போய் விழுந்தன? தேம்ஸ் ஆற்றில். கம்பெனிகள் பல எங்கிருந்து நீர் எடுத்தன? அதே தேம்ஸ் ஆற்றிலிருந்து. நல்ல நீரை மேலே ஏற்றக் கற்ற நகரம், கெட்ட நீரை என்ன செய்வது என்று கற்கவில்லை. 1851ஆம் ஆண்டில் அந்நகரின் மக்கள்தொகை 23 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

விளைவு வாந்திபேதி. காலரா என்று சொல்கிறோமே, அந்தக் கொடிய நோய் 1848, 1849 ஆண்டுகளில் லண்டனில் 14,000 பேருக்கு மேல் கொன்றது. 1853, 1854 ஆண்டுகளில் மீண்டும் வந்து 10,000 பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அக்கால மருத்துவர்களில் பெரும்பாலோர் துர்நாற்றம் பிடித்த காற்றுத்தான் இந்நோயைத் தருகிறது என்று நம்பினார்கள். ஆனால் ஜான் சினோ என்ற மருத்துவர் நோய் நீரில் இருக்கிறது என்று சொன்னார்.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றிப் பத்து நாட்களில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சினோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவிலிருந்த கைப்பம்பில் நீர் எடுத்தவர்கள். பக்கத்திலேயே ஏழைகள் தங்கும் விடுதி ஒன்றில் 535 பேர் இருந்தார்கள். அவர்களில் ஐவர் மட்டுமே இறந்தார்கள். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. சினோவின் சொல்லைக் கேட்டு, செப்டம்பர் 8ஆம் நாள் அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் சினோ காட்டிய வழி சரியான வழி. அன்று அதைப் பலர் ஏற்கவில்லை. அவர் 1858ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள் காலமானார்.

அதே ஜூன் மாதத்தில்தான் லண்டனை உலுக்கிய நிகழ்ச்சி நடந்தது. அந்தக் கோடையில் வெயில் மிகக் கடுமை. ஆற்றில் நீர் வற்றியது. மலம் கரையோரம் ஒதுங்கிப் புழுங்கியது. ஆற்றின் கரையிலேயே இருந்த நாடாளுமன்றக் கட்டடத்தில் உறுப்பினர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சன்னல் திரைகளைச் சலவைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. பல்லாயிரம் ஏழைகள் செத்தபோது பல ஆண்டுகள் நகராத வேலை, சட்டம் இயற்றுவோரின் மூக்கை நாற்றம் தொட்டதும் சில வாரங்களில் நகர்ந்தது. ஆகஸ்டு 2ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. முப்பது இலட்சம் பவுன் கடன் வாங்கிச் சாக்கடை கட்ட அதிகாரம் கொடுக்கப்பட்டது. வேலையை ஏற்றவர் நகர வேலை வாரியத்தின் தலைமைப் பொறியியலாளர் ஜோசப் பேசல்ஜெட்.

பேசல்ஜெட்டின் திட்டம் என்ன? பழைய சாக்கடைகள் எல்லாம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி இறங்கின. அவற்றைக் குறுக்கே வெட்டி, ஆற்றுக்கு இணையாக, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பெரிய சாக்கடைகளை நிலத்துக்கு அடியில் கட்டுவது. கழிவு நகரத்தின் நடுவே ஆற்றில் விழாமல், லண்டன் பாலத்துக்குக் கீழே பத்து மைலுக்கும் அப்பால் கொண்டுபோய் விடப்படும். சொல்லும்போது எளிது. ஆனால் நிலம் விடவில்லை.

சாக்கடை ஓட வேண்டுமானால் சரிவு வேண்டும். சரிவு குறைந்தால் மண்டி படியும். பேசல்ஜெட் ஒரு மைலுக்குக் குறைந்தது 2 அடி சரிவு வைத்தார். பத்து மைல் போனால் 20 அடி கீழே இறங்கிவிடும் அல்லவா? லண்டனின் மேட்டுப் பகுதிகளுக்கு இது தொல்லை இல்லை. ஆற்றோரப் பள்ளப் பகுதிகளோ ஆற்றின் ஏற்றநீர் மட்டத்துக்கும் தாழ்ந்தவை. அங்கிருந்து கிளம்பும் சாக்கடை கழிவை விடும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது ஆற்றுக்கு வெகு கீழே இருக்கும். பள்ளத்தில் இருக்கும் கழிவு மேலே ஏறினால் ஒழிய ஆற்றில் சேராது. ஆகவே ஏற்றம் வேண்டும். அது இராட்சத ஏற்றமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேசல்ஜெட் ஒரே மாதிரியான பம்பு நிலையத்தை வரைந்து எல்லா இடத்திலும் கட்டவில்லை. ஒவ்வோர் இடத்தின் பள்ளத்தையும் அளந்து, அந்த இடத்துக்கென்றே ஒன்றை வகுத்தார். ஆற்றின் தென்கரையில் டெட்போர்டு என்னும் இடத்தில் தாழ்ந்த சாக்கடையின் நீரைச் சுமார் 18 அடி உயர்த்தினால் போதும். பிறகு அது தானே ஓடும். 1864ஆம் ஆண்டில் அங்கே ஒரு நிலையம் எழுந்தது. அதே கரையில் சாக்கடை முடியும் இடம் கிராஸ்னஸ். அது சதுப்பு நிலம். அங்கே தென் லண்டனின் கழிவு முழுவதையும் உயர்த்த வேண்டும். உயர்த்தினாலும் உடனே ஆற்றில் விட முடியாது. கடல் பெருகும் நேரத்தில் விட்டால் அது மறுபடியும் நகரத்துக்கே திரும்பி வரும். ஆகையால் அங்கே 2 கோடியே 70 இலட்சம் காலன் கொள்ளும் மூடிய தொட்டியைக் கட்டினார்கள். கழிவு அதில் காத்திருக்கும்; வற்றம் தொடங்கியதும் திறந்துவிடப்பட்டு, இறங்கும் நீரோடு கடலை நோக்கிப் போகும்.

கிராஸ்னஸ் நிலையத்தை 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் திறந்து வைத்தார். நான்கு உத்தர இஞ்சின்கள். அவற்றைச் செய்தது ஜேம்ஸ் வாட் பெயரால் நடந்த கம்பெனி. ஒவ்வோர் உத்தரமும் 47 டன் எடை. ஒவ்வொரு விசைச் சக்கரமும் 52 டன். நம் ஏற்றத்தில் ஒரு சால் தண்ணீர் வரும் நேரத்தில், இந்த ஏற்றம் ஒரு சுழற்சிக்குச் சுமார் 6 டன் கழிவுநீரை மேலே தூக்கியது. இஞ்சின்களுக்கு அரச குடும்பத்தாரின் பெயர்களையே சூட்டினார்கள். மலம் இறைக்கும் இயந்திரத்துக்கு மகாராணியின் பெயர்! அதை யாரும் இழிவாக நினைக்கவில்லை. கட்டடத்தின் உள்ளே இரும்பில் பூவேலை செய்து வண்ணம் தீட்டினார்கள். நம் நாட்டின் பழைய நகரங்களில் வாளி தூக்கிய மனிதர்களை எப்படி நடத்தினார்கள் என்று நினைத்துப் பார்த்தால், இந்தச் செய்தி நம் நெஞ்சைத் தொடும்.

பேசல்ஜெட் போட்ட கணக்குகளில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஒரு நாளின் கழிவு 24 மணி நேரமும் ஒரே சீராக வருவதில்லை. மக்கள் எழுந்து சமைத்துக் குளிக்கும் நேரத்தில் வெள்ளமாக வரும், நள்ளிரவில் மெலிந்துவிடும். ஆகவே ஒரு நாளின் கழிவில் பாதி ஆறு மணி நேரத்திலேயே வந்துவிடும் என்று அவர் வைத்துக்கொண்டார். சாக்கடையின் அளவும் இஞ்சின்களின் பலமும் அந்த ஆறு மணி நேரத்துக்குத் தாங்க வேண்டும். சராசரிக்குக் கட்டினால் காலை நேரத்தில் தெருவில் வழியும். இன்றும் பம்பு நிலையம் அமைப்பவர்கள் முதலில் போடும் கணக்கு இதுதான்.

தென்கரை முடிந்தது. வடகரைக்கு வருவோம். அங்கே மேட்டுப் பகுதியின் சாக்கடைகள் தம் சரிவிலேயே ஓடி ஒரு பெரிய வெளிப்போக்குச் சாக்கடையில் சேர்ந்துவிட்டன. ஆற்றோரத் தாழ்நிலச் சாக்கடையை மட்டும் அபி மில்ஸ் என்னும் இடத்தில் சுமார் 36 அடி உயர்த்தி அதே சாக்கடையில் சேர்க்க வேண்டும். அதற்கு எட்டு உத்தர இஞ்சின்கள் தேவைப்பட்டன. சிலுவை வடிவில் கட்டடம்; ஒவ்வொரு கையிலும் இரண்டு இஞ்சின்கள். இவ்வளவு பெரிய வேலை முடிய நாளாயிற்று. 1866ஆம் ஆண்டில் லண்டனின் பெரும்பகுதிக்குப் புதிய சாக்கடை கிடைத்துவிட்டது. மிச்சமிருந்தது நகரின் கிழக்குப் பகுதி. அபி மில்ஸ் நிலையம் முடியாததால் அங்கே கட்டிய சாக்கடையும் உயிர் பெறாமல் காத்திருந்தது.

கிழக்கு லண்டனில் யார் வாழ்ந்தார்கள்? துறைமுகக் கூலிகள், தையல் வேலை செய்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளிகள், அவர்களுடைய பிள்ளைகள். மேற்கில் கனவான்கள் வாழ்ந்தார்கள். வேலை கடைசியாக வந்து சேர்ந்த இடம் தொழிலாளியின் இடம்.

1866ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அந்தப் பகுதியில் ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும் காலராவால் இறந்தார்கள். அவர்கள் வீட்டுக் கழிவறை லீ என்னும் சிற்றாற்றில் கலந்தது. அந்த இடத்துக்கு அரை மைல் மேலே கிழக்கு லண்டன் தண்ணீர்க் கம்பெனியின் நீர்த்தேக்கம் இருந்தது. ஆற்றில் கடலின் ஏற்றமும் வற்றமும் உண்டு. கழிவு மேல்நோக்கியும் போகும். வடிகட்டாத நீரை விற்கக்கூடாது என்று 1852ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. அப்படி ஒரு துளியும் விற்கவில்லை என்று கம்பெனியின் பொறியியலாளர் பத்திரிகைக்கு எழுதினார். ஆனால் சில வீடுகளின் குழாய்களில் விலாங்கு மீன் அகப்பட்டது! மணல் வடிகட்டியைத் தாண்டி விலாங்கு வர முடியுமா? திறந்தவெளித் தேக்கத்தின் நீர் குழாயில் கலந்திருந்தது விசாரணையில் வெளிப்பட்டது.

அந்த ஆண்டு கிழக்கு லண்டனில் மாண்டவர்கள் 5,596 பேர். வில்லியம் பார் என்னும் புள்ளிவிவர அறிஞர் இறப்புப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். இவர் முன்பு கெட்ட காற்றை நம்பியவர். இப்போது கண்டது என்ன? சாவு, அந்த ஒரு கம்பெனியின் குழாய்கள் ஓடிய தெருக்களிலேயே குவிந்திருந்தது. புதிய சாக்கடை வேலை செய்த மற்றப் பகுதிகளில் நோய் பரவவில்லை. செய்தி அறிந்த பேசல்ஜெட், அபி மில்ஸில் தற்காலிகப் பம்பு ஒன்றை நிறுத்த ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அதற்குள் அத்தனை வீடுகளில் விளக்கு அணைந்துவிட்டது.

நேயர்களே, இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் எங்கள் அம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. எங்கள் லயனுக்கு மட்டும் ஏன் நோய் வந்தது? காற்று எல்லா லயனுக்கும் ஒன்றுதான். வெயிலும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும் வேறு. குழாயின் கோடியில் இருந்தவர்களுக்குப் பம்பு நின்றதும் ஓடைதான் கதி. பம்பு நிலையத்தின் மதிப்பு அது ஓடும்போது தெரிவதில்லை. அது நின்றுபோன வாரத்தில், அல்லது கட்டி முடியாத ஆண்டில், யாருடைய வீட்டில் பிள்ளை படுக்கிறது என்பதில்தான் தெரிகிறது.

அபி மில்ஸ் 1868ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு லண்டனில் காலரா கொள்ளைநோயாகப் பரவவே இல்லை. 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து சுமார் 8,600 பேர் மாண்டார்கள். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாய்களில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரமும் அதே ஆற்று நீரைத்தான் குடித்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் குடித்தது. அது பெரும்பாலும் தப்பித்தது.

ஆனால் லண்டனின் பாடம் 1868ஆம் ஆண்டோடு முடியவில்லை. பேசல்ஜெட் கழிவை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார், சுத்தம் செய்யவில்லை. 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் இரவு, உல்லாசப் பயணம் முடித்துத் திரும்பிய 'பிரின்ஸஸ் ஆலிஸ்' என்னும் கப்பல், சாக்கடைகள் ஆற்றில் விழும் இடத்துக்கு அருகே மற்றொரு கப்பலோடு மோதி மூழ்கியது. அப்போதுதான் திறந்துவிடப்பட்டிருந்த கழிவின் நடுவே மக்கள் விழுந்தார்கள். 600 பேருக்கு மேல் மாண்டார்கள். பிறகு விசாரணைக் குழு அமைந்தது. கழிவிலிருந்து மண்டியைப் பிரித்தெடுக்கும் முறை வந்தது. 1887ஆம் ஆண்டு முதல் அந்த மண்டியைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதுவும் தவறென்று உணர்ந்து 1998ஆம் ஆண்டில் நிறுத்தினார்கள். மேலே ஏற்றினால் மட்டும் போதாது. ஏற்றியதைத் தூய்மை செய்யவும் வேண்டும் என்பது அவர்கள் விலை கொடுத்துக் கற்ற இரண்டாவது பாடம்.

இன்று நீராவி இஞ்சின்கள் ஓய்ந்துவிட்டன. மின்சாரப் பம்பு வந்துவிட்டது. கழிவுநீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து வேலை செய்யும் பம்பும் வந்துவிட்டது. கிராஸ்னஸின் நான்கு இஞ்சின்களில் ஒன்றைத் தொண்டர்கள் பழுது பார்த்து 2003ஆம் ஆண்டில் மறுபடியும் நீராவியில் ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரம் மாறினாலும் பம்பு நிலையம் வகுப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. அவை ஐந்து.

முதற் கேள்வி: எவ்வளவு நீர் வரும், எந்த நேரத்தில் மிகுதியாக வரும்? இரண்டாவது: எவ்வளவு உயரம் ஏற்ற வேண்டும், எவ்வளவு தூரம் தள்ள வேண்டும்? நீண்ட குழாயில் உராய்வு உண்டு; அதையும் உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். மூன்றாவது: நீரோடு என்ன வரும்? நல்ல நீருக்கான பம்பு வேறு. துணியும் மணலும் கொழுப்பும் கலந்த கழிவுக்கான பம்பு வேறு. அங்கே முன்னால் கம்பிச் சல்லடை வேண்டும். நான்காவது: நீர் சேரும் கிணறு எவ்வளவு பெரியது? மிகச் சிறிதானால் பம்பு அடிக்கடி நின்று நின்று ஓடி மோட்டார் எரிந்துவிடும். மிகப் பெரிதானால் கழிவு தேங்கி அழுகி நச்சு வாயு உண்டாகும். ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒரு பம்பு நின்றுபோனால் என்ன? மாற்றுப் பம்பு உண்டா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? எங்கள் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் ஒரே ஓர் இஞ்சின்தான் இருந்தது. ஐந்தாவது கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை.

நச்சு வாயு என்றோம். அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கழிவுநீர்க் கிணற்றில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு தங்கும். அது மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அடுத்த மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். அப்பா செய்கிறார், அண்ணன் செய்கிறான் என்று யாரும் அந்தக் கிணற்றில் வெறுமனே இறங்கக் கூடாது. வாயுவை அளக்கும் கருவியும், காற்றூட்டமும், இடுப்புக் கயிறும், மேலே காவல் நிற்கும் ஆளும் இல்லாமல் இறங்கச் சொன்னால் மறுக்க வேண்டும். இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

நமக்கு அருகிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் வாளிக் கழிவறை முறை 1987ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. தீவு முழுவதும் பாதாளச் சாக்கடையும், அங்கங்கே பம்பு நிலையங்களும் வந்தன. பம்பு நிலையம் பலவானால் பழுதாகும் இடமும் பல. அதனால் 2008ஆம் ஆண்டில் அவர்கள் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமான சுரங்கச் சாக்கடை ஒன்றை முடித்தார்கள். கழிவு தன் சரிவிலேயே அதில் ஓடிப் போகிறது. வழியில் இருந்த பல நிலையங்களை மூட முடிந்தது. கடைசியில் சாங்கியில் பெரும் பம்புகள் அதை ஆழத்திலிருந்து மேலே ஏற்றுகின்றன. அங்கே அது தூய்மை செய்யப்படுகிறது. பாருங்கள், பேசல்ஜெட்டின் அதே சிந்தனைதான்: இயன்ற வரை தானே ஓடட்டும், முடியாத இடத்தில் மட்டும் ஏற்று. ஆனால் ஏற்றுகிற இடத்தில் தவறாமல் ஏற்று.

நம் தோட்டங்களுக்கும் சட்டம் உண்டு. மலேசியாவில் 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய் நீரை முதலாளி இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. சட்டம் இருப்பதும் நீர் வருவதும் ஒன்றல்ல. லண்டனிலும் 1852ஆம் ஆண்டின் சட்டம் இருக்கத்தான் செய்தது. பம்பு ஓடுகிறதா, தொட்டி மூடியிருக்கிறதா, கழிவு எங்கே போய் விழுகிறது என்று நாமே கேட்க வேண்டும். கேட்பது சண்டை ஆகாது. சினோ தெருத்தெருவாகப் போய்க் கேட்டார்; பார் பதிவேட்டைப் புரட்டிக் கேட்டார். நாமும் எந்த வீட்டில் எந்த நாளில் யாருக்கு நோய் கண்டது, அவர்கள் எங்கே நீர் எடுத்தார்கள் என்று ஒரு பள்ளி நோட்டில் குறித்து வைத்தாலே போதும். அந்த நோட்டு நமக்காகப் பேசும்.

எங்கள் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் சினோ கேட்ட கேள்வியை அவரும் கேட்டார்: ஏன் இந்த லயனில் மட்டும்? அன்று யாராவது அவரோடு உட்கார்ந்து அதைக் கணக்குப் பார்த்திருந்தால் ஓடையைப் பற்றி அந்த வாரமே தெரிந்திருக்கும். இனி எந்தப் பம்பு கொட்டகையைக் கடந்து போனாலும் ஒரு நிமிடம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். அது ஓடும் ஓசை கேட்டால், குழாயின் கோடியில் இருக்கும் வீட்டுக்கும் நீர் போய்ச் சேருகிறதா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.